கீழே வைக்காதே

கட்டோரியாவில் என் வேலை பாதங்கள்.
சாவன் மாதம் முழுக்க முகம் பார்ப்பதில்லை.
தகரக் கொட்டகை, அயோடின் புட்டி, பஞ்சு,
நெருப்பில் காட்டி எடுத்த ஊசி.
கொப்புளத்துக்கு ஜாதி இல்லை என்பார்கள்.
உண்டு.
வயலில் நடந்த பாதம் ஒருவிதமாய் வெடிக்கும்,
துணிக்கடையில் நின்ற பாதம் வேறுவிதமாய்.
பெயர் மட்டும் எல்லோருக்கும் ஒன்று:
காலை நீட்டு, பம். எரிகிறதா, பம்?
லத்தியோடு வரும் காவலரும் பம்,
அம்மாவின் முதுகில் தூங்குவது குட்டி பம்.

சுல்தான்கஞ்சில் கங்கை வடக்கே திரும்புகிறாள்,
எதையோ வீட்டில் மறந்துவிட்டவள் போல.
அங்கே முகந்த நீர் காவடியில் ஏறி
நூற்றைந்து கிலோமீட்டர் கடந்து
தேவ்கரில் அவன் தலையில் இறங்கவேண்டும்.
நடுவில் மண் தொட்டால்
அது வெறும் தண்ணீர்.

இந்த மாதத்தில்தான் விடத்தை விழுங்கினானாம்.
தொண்டை இன்னும் எரிகிறதாம்.
நான் கம்பவுண்டர்;
பூச்சிமருந்து குடித்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.
தண்ணீர் கொடுக்காதே என்றுதான் பாடம்.
ஆனாலும் வீட்டுப் பெண்கள்
முதலில் செம்பைத் தேடித்தான் ஓடுகிறார்கள்.
எந்தப் பாடமும் அவர்களை நிறுத்தியதில்லை.

சனிக்கிழமை இரவு.
காவடி மாட்டும் மூங்கில் சட்டம்
மழையில் சரிந்து கிடந்தது.
ககரியாவிலிருந்து வந்த தேத்ரி தேவி
தன் காவடியை என் தோளில் ஏற்றினாள்.
'ஒரு நிமிஷம், பம். கீழே வைக்காதே.'
செருப்பைக் கழற்றக்கூட நேரம் தரவில்லை;
நின்றபடியே உதறினேன்.

ஒரு நிமிஷம்.
பிறகு கால் மணி.
பிறகு கொட்டகை விளக்கு அணைந்து
ஜெனரேட்டர் இருமி
மறுபடி எரிந்தது.
நீட்டிய பாதங்கள் நீட்டியபடியே.
'கை காலியில்லை' என்றேன்.
'பரவாயில்லை, பம்' என்றன இருட்டுக்குள்ளிருந்து.
பன்னிரண்டு வருஷத்தில்
என்னை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை.

அப்போதுதான் அடிவயிறு கனத்தது.

இந்த வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரிந்த கதை:
லிங்கத்தோடு லங்கைக்குப் போன ராவணனுக்கு
வழியில் இதே அவசரம்.
மாடு மேய்த்த பைஜுவிடம் கொடுத்தான்.
கீழே வைக்காதே என்றான்.
பைஜுவுக்கும் தோள் தோள்தானே, வைத்துவிட்டான்.
கடவுள் அங்கேயே வேர்விட்டார்.
கயிலையைப் பெயர்க்கப் பார்த்தவனால்
அந்தக் கல்லைப் பெயர்க்க முடியவில்லை.
இன்றும் சனங்கள் கோயிலைச் சொல்வது
வைத்தவன் பெயரால்,
சுமந்தவன் பெயரால் அல்ல.

ஆக, எனக்கும் ஒரு வாய்ப்பு இருந்தது.
இந்தச் சேற்றில் இறக்கியிருந்தால்
கட்டோரியாவிலும் ஒரு கோபுரம்,
என் பெயரில் ஒரு பேடா கடை.
இரண்டு சொம்புகளும் மெல்ல ஆடின.
கழுத்தில் கட்டிய துணி கசிந்து
ஒரு குளிர்ந்த கோடு முதுகில் இறங்கியது.
மழையா, கங்கையா?
உடம்புக்கு அந்த வித்தியாசம் தெரியவில்லை.
எரிந்த தோள் மட்டும்
கொஞ்சம் அடங்கியது.
அவ்வளவுதான் அவனுக்கும் கிடைக்கும் போலிருக்கிறது:
விடம் போவதில்லை,
யாரோ ஊற்றிக்கொண்டே இருக்கிறார்கள்.

விடியும்போது வந்தாள்.
எங்கும் போகவில்லை;
பத்தடி தள்ளி, தண்ணீர்த் தொட்டியில் சாய்ந்து
உட்கார்ந்தபடியே தூங்கிப்போயிருக்கிறாள்.
கன்னத்தில் சிமென்ட்டின் சொரசொரப்பு.
தொட்டிக் குழாயில் தலைமுழுகி, ஈரச் சேலையோடு
'வைத்தாயா?' என்று கேட்டாள்.
'இல்லை.'
சொம்பைத் தட்டிப் பார்த்தாள். குறைந்த சத்தம்.
ஒன்றும் சொல்லவில்லை.
'போல் பம்' என்று தூக்கிக்கொண்டு
ஜல்லிமேல் நொண்டி நொண்டிப் போனாள்.
அவள் பாதத்தை நான் பார்க்கவே இல்லை.

கொட்டகைக்குப் பின்னால் ஓடினேன்,
ராவணனைவிட வேகமாக.

திரும்பி வந்தபோது
பெஞ்சின் விளிம்பில் வரிசையாகக் காத்திருந்தன
பதினோரு பாதங்கள்.
மறுபடி எண்ணினேன்.
பதினொன்றுதான்.